காந்தமும் மனச்சோர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

1784ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரின் அயலிலுள்ள பஸ்ஸி என்னுமூரில், அமெரிக்கத் தூதுவராயிருந்த பெஞ்சமின் பிராங்கிளினது இல்லத் தோட்டத்தில் விந்தையானதொரு பரிசோதனை நடைபெற்றது. ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுடைய சிறுவன் ஒருவனின் கண்கள் துணியாற் கட்டப்பட்டன. தோட்டத்திலே நின்ற அப்பிரிக்கொட் மரமொன்று முன்னரே 'காந்தமூட்டப்பட்டிருந்தது'. அம்மரம் எதுவென்பதை அவன் அறியான். மரம் மரமாக அவன் அழைத்துச் செல்லப்பட்டான். ஒவ்வொன்றையும் தழுவி நின்றபோது அவனுக்கு வியர்த்தது; இருமினான்; தலை நோவதாகக் கூறினான். நான்காவது மரத்தடியில் நினைவிழந்து வீழ்ந்தான். ஆனால் காந்தமூட்டப்பட்ட மரம் அதுவன்று. அஃது அப்பால் வேறோரிடத்தில் நின்றது.

இது விளையாட்டாக நடாத்தப்பட்டதொன்றன்று. வியன்னாவிலிருந்து பாரிஸ் வந்து சேர்ந்த பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர் என்னும் மருத்துவர், உயிரினங்களின் உடலூடே ஓடுகின்ற ஒருவகைக் காந்தப் பாய்மத்தைச் சீர்செய்வதால் உடல் நோய்களையும் உள நோய்களையும் தீர்க்க முடியுமெனக் கூறிப் பெரும் புகழ் ஈட்டியிருந்தார். 1774இல் அவர் சிகிச்சையைத் தொடங்கியபோது மெய்யான காந்தத் துண்டுகளையே கையாண்டார். வியன்னாவின் வானியலறிஞரான மக்சிமிலியன் ஹெல் என்னும் பாதிரியாரிடமிருந்து அவர் அவற்றைப் பெற்றார். காலப்போக்கில் காந்தத் துண்டுகளும் வேண்டாவெனவும் மருத்துவனின் கையே காந்தமாகுமெனவும் சொல்லத் தலைப்பட்டார். மன்னன் பதினாறாம் லூயி இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தான். பிராங்கிளினும், வேதியியலறிஞர் லவோசியேயும், வானியலறிஞர் பெய்லியும் அதில் இடம்பெற்றனர். மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்தமையால் அவருடைய மாணாக்கரான டெஸ்லோனின் செயன்முறையே ஆராயப்பட்டது. காந்தம் செலுத்தப்படுவதாக நம்பியவருக்கு, அது செலுத்தப்படாதபோதும் வலிப்புத் தோன்றிற்று. அறியாதவருக்கு, அது செலுத்தப்பட்டபோதும் ஒன்றும் நிகழவில்லை. எனவே செயற்பட்டது கற்பனையே, காந்தமன்று என்பது குழுவின் முடிபாயிற்று.

காந்தத்தால் உளநோய் தீருமென்ற கூற்று அன்றோடு போலி வைத்தியத்தின் பட்டியலிற் சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்தமை நீதியே. ஆயின் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தபின் அதே கூற்று, மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்குரிய சிகிச்சையாக, பல்கலைக்கழக வைத்தியசாலைகளினுள்ளேயே மீண்டும் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் காந்தத்தைப் பற்றிய அறிவு முற்றாக மாறியிருந்தது. மாறாதிருந்தது கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கப்பட்ட அந்த வினா மட்டுமே. இச்சிகிச்சையின் வரலாறு அவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறாகவும் அமைகின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். அசையாதிருக்கும் காந்தம் மூளையில் உணரத்தக்க விளைவெதனையும் உண்டாக்குவதில்லை. 1892இல் அமெரிக்காவிலே, எடிசனது ஆய்வுகூடத்தில் பீற்றர்சன், கெனலி என்னுமிருவர் மிக வலிய மின்காந்தங்களை அமைத்து, அவற்றின் முனைவுகளுக்கிடையே ஒரு நாயையும் பின்னர் ஒரு சிறுவனையும் இருத்திப் பார்த்தனர். யாதொரு மாற்றமும் காணப்படவில்லை. இன்று கடைகளில் விற்கப்படும் காந்தக் காப்புகளையும் காந்தப் படுக்கைகளையும் பற்றி அறியவேண்டியதில் பெரும் பகுதி அப்பரிசோதனையிலேயே அடங்கிவிட்டது.

மாறுகின்ற காந்தப்புலமோ வேறொன்று. 1831 ஓகஸ்ட் மாதத்தில் மைக்கேல் பரடே, இரும்பு வளையமொன்றில் இரு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றையதில் கணநேர மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயின்றோர் கல்வனோமானியின் முள் ஒருமுறை துள்ளிப் பின் பூச்சியத்தில் வந்து நிற்பதைக் கண்டிருப்பர். காந்தம் அங்கேயே இருக்கும், முள்ளோ அசையாது. மாற்றமே மின்னைப் பிறப்பிக்கின்றது. இரண்டாவது சுருளின் இடத்தில் மனித மூளையை வைத்து எண்ணினால், இச்சிகிச்சையின் பௌதிகம் முழுவதும் கைக்கு எட்டிவிடும். உப்புக்கரைசலில் ஊறிய மூளை மின்னைக் கடத்தவல்லது. அதனருகே காந்தப்புலம் விரைந்து மாறின் அதனுள்ளே மின்னோட்டம் பிறக்கும். நரம்புக்கலங்கள் அம்மின்னோட்டத்துக்கு விடையிறுக்கும். ஆகவே 'காந்தச் சிகிச்சை' என்னும் பெயர் சற்றே மயக்கந் தருவது. மூளையை எய்தித் தொழிற்படுவது மின்னே. காந்தம் அதற்குத் தூதாகவே செல்கின்றது.

அத்தூது ஏன் வேண்டப்பட்டது என்பதை உணர, மின்னின் வரலாற்றையும் சிறிது நோக்கவேண்டும். கல்வானியின் மருமகனான ஜியோவன்னி அல்டினி, 1801ஆம் ஆண்டளவில் பொலோஞா நகரத்து வைத்தியசாலையொன்றில், ஆழ்ந்த சோகநோயால் வருந்திய 27 வயது உழவன் ஒருவனின் தலைக்கு வோல்ற்றாவின் மின்னடுக்கிலிருந்து மின் செலுத்தி அவனைக் குணமாக்கியதாக எழுதிவைத்தார். ஒருவன் தேறியமையிலிருந்து எதனையும் துணிய இயலாது. சோகநோய் தானாகவும் தணிவதுண்டு. 1870இல் பிரிட்ஷ், ஹிற்சிக் என்னும் ஜேர்மனிய அறிஞர் நாயொன்றின் மூளையைத் திறந்து, மேற்பட்டையின் குறித்த இடங்களில் மின் செலுத்தும்போது எதிர்ப்புறக் கால்கள் அசைவதைக் காட்டினர். 1874இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் பாத்தலோ என்னும் மருத்துவர், புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் மூளையில் ஊசிகளைச் செலுத்தி அதே பரிசோதனையைச் செய்தார். அவள் வலிப்புற்றுச் சில நாள்களில் இறந்தாள். அன்றைய மருத்துவ உலகமே அதனைக் கண்டித்தது. மண்டையோட்டைத் திறவாமல் மூளையைத் தூண்டும் வழியொன்று இல்லாதவரை இத்துறை மேலே செல்ல முடியாதென்பது அப்போதே புலனாயிற்று.

பரடேயின் தத்துவத்தை அதற்குப் பயன்படுத்த முனைந்தோர் இல்லாமலில்லை. 1896இல் பாரிஸ் அறிஞர் தார்சொன்வால், ஆடலோட்டம் பாயும் பெருஞ்சுருளொன்றினுள் தலையை வைத்தவர்களுக்கு ஒளிமினுக்கங்கள் தோன்றுவதையும் தலை சுற்றுவதையும் பதிவுசெய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பொலக்செக், பேயர் என்னும் வியன்னாவாசிகள் இருவர் இத்தகைய கருவியொன்றால் மனச்சோர்வைத் தீர்க்கும் முறைக்குக் காப்புரிமையும் கோரினர். மெஸ்மரின் ஊரிலிருந்தே அக்கோரிக்கை எழுந்தமை ஒரு வேடிக்கை. 1910இல் இலண்டனில் சில்வேனஸ் தொம்சன் மேலும் வலிய சுருளை அமைத்துத் தம் தலையையே அதனுட் புகுத்தினார். பரடேயின் வரலாற்றை எழுதியவரும், நுண்கணிதத்தை எளிதாக்கும் புகழ்பெற்ற சிறுநூலை அதே ஆண்டில் வெளியிட்டவரும் இவரே. கண்களை மூடியிருந்தும் மங்கலான ஒளி துடிப்பதை அவர் கண்டார். மூளை தூண்டப்பட்டதெனப் பலர் கருதினர். உண்மையில் தூண்டப்பட்டது பெரும்பாலும் கண்ணின் விழித்திரையே. அதனைத் தூண்ட மிகச் சிறிய மின்னோட்டமும் போதுமானது. மூளையைத் தூண்டவேண்டுமாயின் புலம் மேலும் பன்மடங்கு விரைவாக மாறவேண்டும். அதற்கான மின்கருவிகள் அந்நாளில் இல்லை. கருத்து எழுபத்தைந்து ஆண்டுகள் உறங்கிற்று.

அவ்வுறக்கத்தின்போது மனச்சோர்வின் சிகிச்சை வேறு திசையிற் சென்றது. மனச்சோர்வு என்பது நாள்தோறும் எவர்க்கும் நேரும் துயரமன்று. உறக்கமும் பசியும் குலைந்து, விருப்பென்பதே அற்று, எழுந்து முகங்கழுவுதலும் மலையைப் பெயர்ப்பதாக ஆகி, திங்கள் பலவாக நீடித்து, சிலரை உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லை வரை இட்டுச்செல்லும் நோய் அது. 1938 ஏப்பிரலில் ரோமாபுரியில் செர்லெற்றி, பினி என்னும் மருத்துவர் இருவர் தலையூடே மின்செலுத்தி வலிப்பை உண்டாக்கும் சிகிச்சையை முதன்முதலில் ஒரு நோயாளிக்கு அளித்தனர். வலிப்பு நோயும் உளப்பிளவு நோயும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் தவறான கருத்தே அதற்கு அடிப்படையாக இருந்தது. கருத்துத் தவறிற்று, சிகிச்சையோ கடும் மனச்சோர்வில் எதிர்பாராத பயனளித்தது. மயக்கமருந்தும் தசைதளர்த்தியும் சேர்க்கப்பட்டபின் அதன் கொடூரமும் பெரிதும் நீங்கிற்று. மிகக் கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் அதனினும் ஆற்றல் வாய்ந்த சிகிச்சை பிறிதில்லை. ஆயினும் நினைவுகள் சில அழிந்துபோதலும், அதன் பெயரோடு ஒட்டிய அச்சமும் பலரை அதனின்றும் விலக்கின.

1950களில் மருந்துகள் வந்தன. சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்பிரமீன் என்னும் மருந்தின் பயனை 1957இல் வெளியிட்டார். பின்னர் வந்தவை பல. எனினும் அவற்றின் எல்லை 2006இல் வெளியான அமெரிக்கப் பேராய்வொன்றால் நன்கு தெரியவந்தது. நாலாயிரம் பேர் வரையிற் சேர்க்கப்பட்ட அவ்வாய்வில், முதல் மருந்தாலே நோய்க்குறிகள் நீங்கப்பெற்றோர் மூன்றிலொரு பங்கினர் அளவினரே. முதலிரு மருந்துகளும் பயன்படாதோருக்கு மூன்றாவதும் நான்காவதும் தரப்பட்டபோது, ஒவ்வொரு படியிலும் ஏழெட்டுப் பேரில் ஒருவரே அந்நிலையை எய்தினர். இரு மருந்துகளுக்கு இணங்காத நோயாளியின் முன்னே, ஒருபுறம் நம்பிக்கை தேய்ந்துசெல்லும் மூன்றாவது மருந்தும், மறுபுறம் அவர் அஞ்சும் மின்வலிப்புச் சிகிச்சையும் நின்றன. காந்தம் வந்து நுழைந்தது இவ்விடைவெளியிலேதான்.

ஆனால் அதனை அமைத்தவர்கள் இந்நோயாளிகளை எண்ணி அமைத்தாரல்லர். 1980இல் இலண்டனில் மேர்ட்டன், மோர்ட்டன் என்னும் ஆய்வாளர், மண்டையோட்டைத் திறவாமலே, தலைத்தோலின் மீது மின்வாய்களை வைத்து, உயர்ந்த வோல்ற்றளவுடைய கணநேர மின்னதிர்ச்சியால் மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டிக் கைத்தசையைச் சுருங்கச் செய்தனர். பாத்தலோவின் காலத்திலிருந்து காத்திருந்த சாதனை அது. குறையொன்று இருந்தது: பெரும் நோவு. எலும்பு மின்னுக்குத் தடையாதலின், செலுத்திய மின்னின் பெரும்பகுதி தலைத்தோலிலேயே பரந்து, அங்குள்ள நோவு நரம்புகளையும் தசைகளையும் தாக்கிற்று. தம்மையே ஆய்வுக்கு உட்படுத்தும் விஞ்ஞானி இதனைப் பொறுத்துக்கொள்வார். நோயாளியிடம் அதை எதிர்பார்த்தல் அரிது.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே மருத்துவப் பௌதிகத் துறையைச் சேர்ந்த அன்ரனி பார்க்கர், 1970களிலிருந்தே காந்தத் துடிப்புகளால் கை நரம்புகளைத் தூண்டும் முறையை ஆராய்ந்து வந்தார். நரம்பூடே செய்தி செல்லும் வேகத்தை நோவின்றி அளத்தலே அவருடைய நோக்கம். பேராசிரியர் பிரீஸ்ரன், ஜலினுஸ் என்போருடன் சேர்ந்து அவர் அமைத்த கருவியின் தத்துவம் எளிது. கொள்ளளவியொன்றில் உயர்வோல்ற்றளவில் மின்னேற்றம் சேமிக்கப்படும். ஆளியை அழுத்தியதும் அவ்வேற்றம் முழுவதும் செப்புச் சுருளொன்றினூடே ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டமாகப் பாயும். ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரத்துள் காந்தப்புலம் ஒன்றரை அல்லது இரண்டு தெசுலா வரை எழுந்து வீழும். புவியின் காந்தப்புலத்தோடு ஒப்பிடின் இது பல்லாயிரம் மடங்கு. எலும்பும் தோலும் காந்தப்புலத்துக்குத் தடையல்ல. காற்றினூடு செல்வதுபோல் அவற்றினூடு அது செல்லும். தலைத்தோலில் மின்னைக் குவித்துச் செலுத்தவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

1985இன் முற்பகுதியில் அச்சுருள் தலையின் உச்சிப்புறத்தே வைக்கப்பட்டது. 'டக்' என்றொரு ஒலி. எதிர்ப்புறக் கையின் விரல்கள் துள்ளின. நோவென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் 'லான்செற்' இதழில் வெளியான செய்தி மிகச் சிறியது. கருவியை அவர்கள் இலண்டனுக்குக் கொண்டுசென்று மேர்ட்டனுக்கும் அவர் குழுவினருக்கும் காட்டினர். நோவை ஏற்றுக்கொண்டு வழிகாட்டியவர்கள், நோவற்ற வழியை நேரிற் கண்டனர். நரம்பியலாளர்கள் உடனேயே அக்கருவியை வரவேற்றனர். மூளையிலிருந்து தசைவரை செய்தி செல்ல எடுக்கும் நேரத்தை அளந்து, பாதையில் எங்கே பழுதுள்ளதென்று கண்டறிய அது உதவிற்று. இன்றும் அப்பணிக்கு அது பயன்படுகின்றது.

அளவுக்கருவி எவ்வாறு சிகிச்சைக் கருவியாயிற்று? 1987இலேயே, சாதாரண உடல்நலமுடைய தொண்டர்களைத் தூண்டிய பிக்போட் என்பவர், சிலரது மனநிலை சிறிதுநேரம் மலர்ந்ததைக் குறித்திருந்தார். 1988இல் யப்பானிய அறிஞர் உவேனோ, எட்டு என்னும் எண்ணின் வடிவிலே இரு வட்டங்களாகச் சுருளை அமைத்து, இரண்டும் கூடுமிடத்தில் தூண்டலைக் குவித்தார். அதன்பின் மூளையின் குறித்தவொரு சிறுபகுதியை இலக்காகக் கொள்ள முடிந்தது. ஒரு செக்கனுக்குப் பல துடிப்புகளைத் தொடர்ந்து தரவல்ல கருவிகளும் வந்தன. முதற் சிகிச்சை முயற்சிகள் உச்சந்தலையில், பெரிய வட்டச் சுருளால், மின்வலிப்புச் சிகிச்சையின் மென்மையான வடிவமெனக் கருதிச் செய்யப்பட்டவை. அவற்றின் பயன் சொற்பமே.

திருப்பத்தை ஏற்படுத்தியவர் அமெரிக்க உளமருத்துவர் மார்க் ஜோர்ஜ். இலண்டனில் பயின்ற காலத்தில் இக்கருவியைக் கண்டிருந்த அவர், மூளைப் படிமங்களை ஆராய்வதிலும் ஈடுபட்டவர். மனச்சோர்வுற்றோரிடத்து மூளையின் இடப்புற முன்னுதற்பகுதி மந்தமாக இயங்குவதைப் படிமங்கள் காட்டியிருந்தன. பாரிசவாதத்தால் இடப்புற முன்மூளை பழுதுற்றோரிடத்து மனச்சோர்வு மிகுதியெனவும் சிலர் கண்டிருந்தனர். மந்தமான அப்பகுதியையே ஏன் தூண்டக்கூடாது என்று அவர் எண்ணினார். வாசர்மன் முதலியோருடன் சேர்ந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிலே, மருந்துகளுக்கு இணங்காத ஆறு நோயாளருக்கு நாள்தோறும் அவ்விடத்தைத் தூண்டினார். 1995இல் பெறுபேறு வெளிவந்தது. இருவர் குறிப்பிடத்தக்க அளவு தேறினர். மறுவருடம் அல்வாரோ பஸ்குவால் லியோன் என்பவரும் சகாக்களும் ஸ்பெயினில் 17 நோயாளரைக்கொண்டு செய்த ஆய்வு 'லான்செற்' இதழில் வெளியாயிற்று. இடப்புற முன்பகுதி தூண்டப்பட்டபோது 11 பேர் தேறினர். அத்தேற்றம் இரண்டு வாரமளவே நிலைத்தது.

இலக்கைக் கண்டுபிடித்த முறை சுவையானது. படிமக்கருவி இல்லாமலே அதைச் செய்யவேண்டியிருந்தது. சுருளை நகர்த்தி நகர்த்தி, வலக்கைப் பெருவிரல் துள்ளும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து 5 சென்ரிமீற்றர் முன்னே சென்றால் வேண்டிய இடம் என்று கொண்டனர். பெரிய தலைக்கும் சிறிய தலைக்கும் அதே 5 சென்ரிமீற்றர்! பிற்காலப் படிமங்கள் இம்முறையால் பலரிடத்தும் இலக்குத் தவறியமையைக் காட்டின. ஆயினும் அப்பெருவிரல் வேறொரு வகையில் முதன்மை வாய்ந்தது. பிராங்கிளினின் தோட்டத்துச் சிறுவன் நம்பியமையால் வீழ்ந்தான். பெருவிரலோ நம்புவதுமில்லை, ஐயுறுவதுமில்லை. துடிப்பு மூளையை எட்டினால் துள்ளும், எட்டாவிடின் துள்ளாது. மெஸ்மரிடம் இல்லாத சான்று இது. காந்தம் மூளையிற் செயற்படுகிறதென்பதில் இனி ஐயத்துக்கு இடமில்லை. அச்செயற்பாடு நோயைத் தீர்க்கின்றதா என்பதே எஞ்சிய வினா.

அவ்வினாவுக்கு விடைகாண்பது எண்ணியதிலும் கடினமாயிற்று. மாத்திரையாயின் உருவிலொத்த போலி மாத்திரையைத் தரலாம். இச்சுருளோ ஒலியெழுப்பும்; தலைத்தோலைத் தட்டும்; நெற்றித் தசைகளைத் துடிக்கச்செய்யும். தொடக்கத்தில் சுருளைச் சரித்துப் பிடித்தலே போலிச் சிகிச்சையாகக் கொள்ளப்பட்டது. சரித்த சுருளும் ஓரளவு மூளையைத் தூண்டியமை பின்னர் அறியப்பட்டது. அதாவது, கண்ணைக் கட்டிய துணியிலே கிழிசல் இருந்தது.

2007இல் வெளியான பேராய்வில், 23 இடங்களில் 301 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொரு நாளும் 37 நிமிடமளவில் 3000 துடிப்புகள், வாரத்தில் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். மெய்ச் சிகிச்சை பெற்றோர் போலிச் சிகிச்சை பெற்றோரினும் தேறினர். ஆனால் முதன்மை அளவுகோலின்படி, தற்செயலென்று ஒதுக்குதற்குரிய எல்லையை அவ்வேறுபாடு மயிரிழையில் தாண்டத் தவறிற்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக்குழு அவ்வாண்டிலே திருப்தியுறவில்லை. ஒரேயொரு மருந்துக்கு இணங்காதோரைத் தனியாகப் பிரித்து நோக்கியபோது வேறுபாடு தெளிவாயிற்று. 2008 ஒக்ரோபரில் அவர்களுக்கெனவே அனுமதி கிடைத்தது. கனடா 2002இலேயே அனுமதித்திருந்தது. பல மருந்துகளும் கைவிட்டோருக்காகத் தேடிய சிகிச்சை, ஒரு மருந்து மட்டும் கைவிட்டோருக்கென அனுமதிக்கப்பட்டமை இவ்வரலாற்றின் முரண்களில் ஒன்றாகும்.

கருவி விற்கும் நிறுவனத்தின் பொருளுதவியின்றி, அரச நிதியால் ஜோர்ஜ் குழுவினர் நடாத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒலியும் தோலுணர்வும் மெய்ச்சுருளை ஒத்த போலிச்சுருள் அதில் கையாளப்பட்டது. 190 பேரில், மெய்ச் சிகிச்சையால் நோய் நீங்கியோர் 14 வீதத்தினர். போலியால் நீங்கியோர் 5 வீதத்தினர். பன்னிருவருக்கு இச்சிகிச்சை அளிக்கப்படின், போலியால் தேறக்கூடியவருக்கு மேலாக ஒருவர் நோய்நீங்குவர் என்பது இதன் பொருள். பெரும் வெற்றியென்று கொண்டாடத்தக்க எண் அன்று. ஆயினும் கிழிசலற்ற துணியாற் கண்ணைக் கட்டியபின்னும் எஞ்சிய பயன் என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு. வேறெதுவும் உதவாத ஒருவருக்குப் பன்னிரண்டில் ஒன்று சிறிதுமன்று.

அதன்பின்னர் வந்ததுதான் கலங்கவைத்த பெறுபேறு. 2018இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் 164 பேர் பங்குகொண்டனர். கடும் மனச்சோர்வும் பிற உளத்துயர்களும் கொண்டவர்கள் அவர்கள். மெய்ச் சிகிச்சை பெற்றோரில் 41 வீதத்தினர் நோய்நீங்கினர். போலிச் சிகிச்சை பெற்றோரில் 37 வீதத்தினர். வேறுபாடு இல்லையென்றே கூறவேண்டும். ஆனால் போலிச் சிகிச்சையால் இத்துணைப் பேர் தேறினரே, அஃது எங்ஙனம்? நாள்தோறும் வீட்டைவிட்டு வெளியேறி ஓரிடத்துக்கு வருதல், அக்கறையோடு நடாத்தும் மனிதரோடு பேசுதல், தமக்காக ஒன்று செய்யப்படுகிறதென்னும் உணர்வு ஆகியன யாவும் அச்சுருளின் அருகே இருந்தன. 1784ஆம் ஆண்டுக் குழு 'கற்பனை' எனப் பெயரிட்டு ஒதுக்கியதும் இதனையே. அப்பெயர் அதற்குப் போதுமானதன்று. மருத்துவம் அதனை ஒதுக்காமல் ஆராய்ந்திருப்பின் நோயாளர் பயனடைந்திருப்பர்.

சிகிச்சையைச் சுருக்கும் முயற்சிகள் மற்றொருபுறம் முன்னேறின. மூளையின் இயல்பான அலைச்சந்தத்தைப் பின்பற்றித் துடிப்புகளைச் சிறு கொத்துகளாகச் செலுத்தும் முறையை 2005இல் இலண்டனில் ஹுவாங், ரொத்வெல் முதலியோர் வகுத்தனர். கனடாவின் மூன்று வைத்தியசாலைகளில் 414 பேரைக்கொண்டு செய்த ஆய்வு, 3 நிமிடமே நீடிக்கும் இம்முறை 37 நிமிட முறைக்குக் குறைந்ததன்று என்று 2018இற் காட்டிற்று. இரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப்பேரின் நோய்க்கடுமை பாதியாகக் குறைந்தது. ஒரு கருவியால் ஒரு நாளிற் பலமடங்கு நோயாளரைக் கவனிக்க வழிபிறந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் நோலன் வில்லியம்ஸ் குழுவினர் நாளொன்றுக்குப் பத்துத் தடவையாக ஐந்தே நாள்களில் ஐம்பது தடவை சிகிச்சை அளித்தனர். காந்தத் துடிப்பு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழமே செல்லவல்லது. துயரத்தோடு தொடர்புடையதெனக் கருதப்படும் ஆழ்ந்த பகுதிகளை அஃது எட்டாது. எனவே அவ்வாழ்ந்த பகுதியோடு எதிர்மாறாகத் தொழிற்படும் மேற்பட்டைப் புள்ளியை ஒவ்வொருவருக்கும் படிமத்தாற் கண்டறிந்து அங்கே சுருளை வைத்தனர். 29 பேரை மட்டும் கொண்ட அவர்களது ஆய்வில், நான்கு வாரத்தின் பின் நோய்க்கடுமை மெய்ச் சிகிச்சையால் 52 வீதமும் போலியால் 11 வீதமும் குறைந்திருந்தது. 2022இல் அம்முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இச்சிகிச்சை பெறுபவருக்கு மயக்கமருந்து வேண்டியதில்லை, நினைவு அழிவதில்லை, சிகிச்சை முடிந்ததும் தாமே எழுந்து வீடு செல்லலாம். வலிப்பு மிக அரிதாக நேர்வதுண்டு. தலையினுள் உலோகம் பொருத்தப்பட்டோருக்கு இது தகாது. கடும் நோயில் மின்வலிப்புச் சிகிச்சைக்கு இது ஈடாவதில்லை.

2024இல் பிரித்தானியாவிலிருந்து மற்றுமோர் ஆய்வு வெளிவந்தது. இரு சிகிச்சைகளுக்கேனும் இணங்காத 255 பேர் அதிற் பங்குகொண்டனர். ஒரு பிரிவினருக்கு மூளைப்பகுதிகளின் தொடர்புகளைப் படிமத்தால் ஆராய்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்த இலக்கில், கொத்துத் துடிப்புகள் செலுத்தப்பட்டன. மற்றைய பிரிவினருக்கு எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வழமையான துடிப்புகள் செலுத்தப்பட்டன. இருபது தடவை சிகிச்சை பெற்றபின் அவர்கள் ஆறு மாதம் வரை கவனிக்கப்பட்டனர். இரு பிரிவினரும் கணிசமாகத் தேறினர். 26 வாரமளவிலும் அத்தேற்றம் பெரும்பாலும் நிலைத்தது. நுணுக்கமாகக் குறிபார்த்தமையால் கூடுதற்பயன் எதுவும் கிட்டவில்லை. அவ்வாய்வில் போலிச்சுருள் பெற்ற பிரிவென்று ஒன்று இருக்கவில்லை.